வைட்டமின்: கடைசி எழுத்தைக் கொடுத்துப் பிழைத்த சொல்

கேள்வி இதுதான்: "வைட்டமின் என்ற ஆங்கிலச் சொல்லை 'உயிர் + அமைன்' என்று அகராதி பிரித்துக் காட்டுகிறது. அமைன் என்றால் நைட்ரஜன் இருந்தாக வேண்டும். ஆனால் வைட்டமின் சி-யில் நைட்ரஜனே கிடையாதே? அப்படியானால் பெயரே தப்பா? கூடவே இன்னொரு சந்தேகம்: ஏ, பி, சி, டி, ஈ என்று வரிசையாக வந்துவிட்டு ஏன் திடீரென்று கே-க்குத் தாவுகிறது?"

தப்புதான். ஆனால் அந்தத் தப்பு 1920-லேயே திருத்தப்பட்டுவிட்டது. திருத்திய பெயரைத்தான் நாம் இன்றைக்குச் சொல்கிறோம். திருத்தம் என்றால் ஒரே ஒரு எழுத்து. முதலில் அந்தச் சொல்லின் கடைசியில் ஈ என்ற ஆங்கில எழுத்து நின்றது, வைட்டமைன் என்று படிக்கிற மாதிரி. அந்த எழுத்தை எடுத்ததும் "இது ஒரு அமைன்" என்ற வேதியியல் கூற்றும் சொல்லைவிட்டுப் போய்விட்டது. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பாதி எளிது. லத்தீனில் வீட்டா என்றால் உயிர், வாழ்வு. சமஸ்கிருத ஜீவிதமும் இந்த வீட்டாவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. பயாலஜி என்பதன் முன்பாதியான கிரேக்க பயோஸும் அதே வேர்தான். ஆக, தமிழ் கடன் வாங்கி வைத்திருக்கும் ஜீவன், ஜீவிதம் எல்லாம் வைட்டமினின் முன்பாதிக்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள்.

பின்பாதிக்குத்தான் நீண்ட கதை இருக்கிறது. அமைன் என்ற சொல் அம்மோனியாவிலிருந்து வந்தது. அம்மோனியாவில் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. அந்த ஹைட்ரஜன்களில் ஒன்றையோ பலவற்றையோ எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பன் தொகுதியை வைத்தால் கிடைப்பது அமைன். சரி, அம்மோனியா எங்கிருந்து வந்தது? 1782-ல் சுவீடன் வேதியியலாளர் டோர்பெர்ன் பெர்க்மன் வைத்த பெயர் அது. நவச்சாரம் என்ற உப்பிலிருந்து கிளம்பும் வாயு என்பதால் நவச்சாரத்தின் பெயரையே அதற்கும் கொடுத்தார். நவச்சாரத்துக்கு லத்தீனில் சால் அம்மோனியாக்கஸ் என்று பெயர். அதாவது அமோனின் உப்பு.

அமோன் என்பது எகிப்தியரின் அமுன் கடவுள். இன்றைய எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சீவா என்ற பாலைச்சோலையில் அவருக்கு ஒரு கோயில் இருந்தது. குறி சொல்வதற்குப் பேர்போன இடம். கி.மு. 331-ல் அலெக்சாண்டர் பாலைவனத்தைக் கடந்து அங்கே போய்க் குறி கேட்டார். அந்த வட்டாரத்து மணலில் கிடைத்த ஒரு உப்பைத்தான் ரோமானியர்கள் அமோனின் உப்பு என்றார்கள். அந்த உப்பு பெரும்பாலும் சாதாரண உப்பாகவே இருந்திருக்கலாம். பெயர் பிற்பாடு நவச்சாரத்தின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது. ஆட்டுக்கடாக் கொம்போடு காட்டப்படும் கடவுள் அவர் என்பதால், கொம்பு போலச் சுருண்ட தொல்லுயிர் ஓடுகளுக்கும் அம்மோனைட் என்று பெயர் வந்தது. புரதத்தின் அமினோ அமிலத்திலும் அவர்தான் இருக்கிறார்.

இந்த இரண்டு பாதிகளும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்ததற்குக் காரணம் பெரிபெரி என்ற நோய். கால் மரத்துப்போய், தசை வலுவிழந்து, சிலருக்கு உடல் வீங்கி, இதயம் நின்று உயிரே போய்விடும். இயலாமை என்று பொருள்படும் ஒரு சிங்களச் சொல்லை இரட்டித்ததுதான் பெரிபெரி என்பார்கள் அகராதிக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவில் படைமுகாம், கப்பல், சிறை என்று எங்கெல்லாம் தீட்டிய வெள்ளை அரிசியே முக்கிய உணவாக இருந்ததோ அங்கெல்லாம் இந்த நோய் பரவிக் கிடந்தது. ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1880-களில் மாலுமிகளின் சாப்பாட்டை மாற்றியே நோயை ஏறக்குறைய ஒழித்துவிட்டார். புரதம் குறைவதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். காரணம் தப்பு, மருந்து சரி.

ஜாவாவில் டச்சு ராணுவ மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் இந்த நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். கிருமியியல் உச்சத்தில் இருந்த காலம் அது. எந்த நோய் என்றாலும் கிருமியைத் தேடு என்பதுதான் வழக்கம். அவருடைய ஆய்வகக் கோழிகள் ஒருநாள் நடை தள்ளாடி விழத் தொடங்கின. ஊசி போட்ட கோழி, போடாத கோழி என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாவற்றுக்கும் நோய். பிறகு தானாகவே எல்லாம் குணமாகிவிட்டன. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. இடையில் சில காலம் ஆய்வகப் பணியாளர் ராணுவ மருத்துவமனைச் சமையற்கட்டில் மீந்த வெள்ளைச் சோற்றை வாங்கிக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார். அப்புறம் புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்து அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார். பழைய தீட்டாத அரிசிக்குத் திரும்பியதும் கோழிகள் எழுந்து நடந்தன.

ஐக்மன் இதிலிருந்து முதலில் எடுத்த முடிவு, வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்பது. அவருக்குப் பின் அந்த வேலையை ஏற்ற கெரிட் கிரைன்ஸ்தான் 1901-ல் அதைத் திருப்பிப் போட்டார்: நஞ்சு எதுவும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது, அது இல்லாததுதான் நோய். ஒன்று இருப்பதால் நோய் வருகிறது என்றே எல்லோரும் பழகியிருந்த காலத்தில், ஒன்று இல்லாததால் நோய் வருகிறது என்று சொல்வது சாதாரண விஷயமில்லை. என் கண்ணுக்கு இந்தக் கதையின் பெரிய திருப்பம் இதுதான். ஆனால் கிரைன்ஸ் தான் சொன்னதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. அதனாலோ என்னவோ அவர் பெயரே இன்று பலருக்குத் தெரிவதில்லை.

பெயர் வைத்தவர் காசிமிர் ஃபங்க். 1884-ல் வார்சாவில் பிறந்த போலந்துக்காரர், லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அரிசித் தவிட்டிலிருந்து அந்த இனம்தெரியாத பொருளைப் பிரித்தெடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. வெள்ளை அரிசி மட்டும் தின்று கழுத்து முறுக்கிக் கிடக்கும் புறாக்களுக்குத் தவிட்டுச் சாற்றைப் படிப்படியாகச் சுத்திகரித்துக் கொடுத்துப் பார்த்தார். மிகச் சிறிய அளவிலேயே புறாக்கள் மீண்டன. அந்தச் சாற்றிலிருந்து குணமாக்கும் பகுதி, காரத்தன்மை கொண்ட நைட்ரஜன் சேர்மங்களோடு சேர்ந்துதான் வீழ்படிவாக இறங்கியது. வேதியியல் படித்த யாருக்கும் அங்கே அமைன் என்றுதான் தோன்றியிருக்கும். உயிருக்கு அவசியம், அமைன் மாதிரி நடந்துகொள்கிறது, ஆகவே வைட்டமைன். 1912-ல் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லை முன்வைத்தார்.

அதே கட்டுரையில் அவர் இன்னொரு துணிச்சலான காரியமும் செய்தார். பெரிபெரியோடு ஸ்கர்வி (ஈறு வீங்கி இரத்தம் கசியும் நோய்), பெலாகரா (தோல் வெடிக்கும் நோய்), ரிக்கெட்ஸ் (குழந்தைகளின் எலும்பு வளையும் நோய்) ஆகியவற்றையும் ஒரே குடும்பமாகச் சேர்த்தார். ஒவ்வொன்றும் ஒரு வைட்டமைன் குறைவதால் வரும் நோய் என்றார். இதில் அவர் சொன்னது அத்தனையும் சரி, அமைன் ஒன்றைத் தவிர. தவிட்டில் கண்டதை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கிவிட்டார், அங்கேதான் பிசகியது.

அதற்காக அந்தப் பெயரை அவசரப்பட்ட பெயர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே 1912-ல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் ஹாப்கின்ஸ், சுத்திகரித்த புரதம், கொழுப்பு, மாவு, உப்பு மட்டும் கொடுத்தால் எலிக்குட்டிகள் வளராது, அதோடு துளி பால் சேர்த்தால் வளர்கின்றன என்று காட்டினார். அவர் அந்தப் பொருள்களுக்குத் துணை உணவுக் காரணிகள் என்று பெயர் வைத்தார். ஒரு பிழையும் இல்லாத, எதையும் முன்கூட்டிச் சொல்லாத, மிக ஜாக்கிரதையான பெயர். ஆனால் யார் வாயிலும் நிற்கவில்லை. ஜப்பானில் சுஸுகி உமேதாரோ ஃபங்குக்கும் முன்பே தவிட்டிலிருந்து செறிவான சாறு எடுத்திருந்தார். அரிசியின் லத்தீன் பெயரான ஒரைஸா என்பதை வைத்து ஒரைசானின் என்றும் பெயரிட்டார். அது ஒரு தானியத்தோடு நின்றுவிட்டது. வைட்டமைன் என்ற சொல்லில்தான் உயிர் இருந்தது, அதைச் சொன்ன மாத்திரத்தில் "இது இல்லாவிட்டால் உயிர் போகும்" என்பது எவருக்கும் விளங்கியது. 1929 நோபல் பரிசு ஐக்மனுக்கும் ஹாப்கின்ஸுக்கும் போனது. ஃபங்குக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உலகம் முழுக்கப் பேச்சில் நிற்பது அவர் வைத்த சொல்தான்.

பிழை எப்போது தெரிந்தது? சீக்கிரமே. 1913-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்மர் மெக்கலமும் மார்கரீட் டேவிஸும், வெண்ணெயிலும் முட்டை மஞ்சள்கருவிலும் கொழுப்பில் கரையும் ஒரு காரணி எலிகளின் வளர்ச்சிக்கு வேண்டும் என்று கண்டார்கள். அதே சமயத்தில் கனெக்டிகட்டில் ஆஸ்போர்னும் மெண்டலும் இதையே காட்டினார்கள். இது தவிட்டுப் பொருளிலிருந்து முற்றிலும் வேறு; நைட்ரஜன் இருப்பதற்கான அறிகுறியே இல்லை. மெக்கலமுக்கு வைட்டமைன் என்ற சொல்லே பிடிக்கவில்லை. உயிர் என்று சொன்னால் மற்ற உணவுப் பொருள்கள் உயிருக்கு வேண்டாதவை போல ஆகிவிடும், அமைன் என்பதற்கோ வேதியியலில் திட்டமான பொருள் உண்டு என்பது அவருடைய ஆட்சேபம். இரண்டும் நியாயமானவை. அவர் கொழுப்பில் கரையும் ஏ, நீரில் கரையும் பி என்று எழுத்துகளால் அழைத்தார். இன்று மாத்திரை அட்டையில் நாம் பார்க்கும் ஆங்கில எழுத்துகளின் தொடக்கம் இதுதான்.

ஆக 1920 வாக்கில் இரண்டு பெயர்முறைகள் மோதிக்கொண்டிருந்தன. அப்போது லண்டன் வேதியியலாளர் ஜாக் டிரம்மண்ட் ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஃபங்கின் சொல்லுக்கு இருக்கும் ஒரே பெரிய ஆட்சேபம் அமைன்தான். கடைசி ஈ-யை எடுத்துவிடுவோம், அப்போது மிஞ்சுவது இன் என்ற விகுதி. அன்றைய வேதியியல் பெயரிடல் வழக்கப்படி அமைப்பு இன்னதென்று தெரியாத நடுநிலைப் பொருளுக்கு அந்த விகுதி தாராளமாகப் பொருந்தும். அதோடு மெக்கலமின் நீளப் பெயர்களையும் சுருக்கி வைட்டமின் ஏ, வைட்டமின் பி என்று சொல்வோம். ஸ்கர்வியைத் தடுப்பதை வைட்டமின் சி என்போம். இவ்வளவுதான் அவர் சொன்னது. பொருள்களின் உண்மையான அமைப்பு தெரியும்வரை போதும் என்று நினைத்துத்தான் இதைச் சொன்னார். அமைப்பெல்லாம் தெரிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன, அந்த ஏற்பாடு இன்னும் நீடிக்கிறது.

ஒரு சொல்லை ஒழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்ற ஆசை யாருக்கும் வந்திருக்கும். டிரம்மண்ட் மக்கள் வாயில் ஏறிவிட்ட சொல்லைக் காப்பாற்றி, பொய்யை மட்டும் உருவி எடுத்தார். இதைவிட நேர்த்தியான சொல் திருத்தம் அறிவியலில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஏ, சி, டி, ஈ, கே எதிலும் நைட்ரஜன் கிடையாது; கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும்தான். பழைய எழுத்து நின்றிருந்தால் ஐந்து முறை பொய் சொல்லியிருக்கும்.

இனி அந்த எழுத்து வரிசைக்கு வருவோம். 1922-ல் மெக்கலம் குழு ரிக்கெட்ஸைத் தடுப்பது ஏ அல்ல, வேறொன்று என்று பிரித்துக் காட்டியது. அது டி ஆனது. அதே ஆண்டு ஹெர்பர்ட் எவான்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளின் இனப்பெருக்கத்துக்கு வேண்டிய ஒன்றைக் கண்டார்கள். அது பிற்பாடு ஈ ஆனது. இதற்கப்புறம் கே-க்குத் தாவியதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம், இரத்தம் உறைதலுக்கு ஜெர்மன், டேனிஷ் மொழிகளில் உள்ள சொல் கே-யில் தொடங்குகிறது, கண்டுபிடித்த ஹென்ரிக் டாம் டென்மார்க்காரர் என்பது. இது பாதி உண்மை. டாமே தம் நோபல் உரையில் மீதியையும் சொல்லியிருக்கிறார்: அதுவரை யாரும் ஏதாவதொரு வைட்டமினுக்கு என்று எடுத்துக்கொள்ளாத முதல் எழுத்து கே-தான், அது உறைதலுக்கும் பொருந்தி வந்தது. ஆகவே தாவல் எதுவும் நடக்கவில்லை. இடையில் இருந்த இடங்களில் எல்லாம் முதலில் ஆள் இருந்தது, பிற்பாடு காலியாகின.

அவர்கள் எங்கே போனார்கள்? எஃப் என்று அழைக்கப்பட்டவை உடம்பால் தயாரிக்க முடியாத சில கொழுப்பு அமிலங்கள். அவை கொழுப்பின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டன. ஜி என்பது பி குடும்பத்தின் ரிபோஃப்ளேவின்தான், இன்றைய பி2. ஹெச் என்ற பெயரைப் பால் கியோர்கி வைத்தார். பச்சை முட்டை வெள்ளைக்கருவை நிறையத் தின்ற எலிகளுக்கு வரும் தோல்நோயை அது தடுத்தது. ஜெர்மன் மொழியில் தோலுக்கு ஹவுட், அதன் முதல் எழுத்து ஹெச். பயோட்டினும் அதுவும் ஒன்றே என்று தெரிந்ததும் பி7 ஆகிவிட்டது. பயோட்டினில் இருக்கும் பயோ-வும் நாம் முதலில் பார்த்த அதே உயிர் வேர்தான். குரங்குகளிடம் கண்ட ஒன்றுக்குக் குரங்கின் ஆங்கிலப் பெயரை வைத்து எம் என்றார்கள். அது பசலைக்கீரையிலிருந்து பிரித்த ஃபோலிக் அமிலத்தோடு ஒன்றாகிவிட்டது. ஃபோலியம் என்றால் லத்தீனில் இலை. பி தனிப்பொருள் அல்ல, ஒரு கூட்டம் என்று 1920-களில் தெரிந்ததும் எண் போடத் தொடங்கினார்கள். அதிலும் 4, 8, 10, 11 காணாமல் போயின, காரணம் இதேதான்: சில வேறொன்றாகத் தெரியவந்தன, சில வைட்டமினே இல்லை என்றாகிவிட்டன.

எழுத்துப் பெயர்களோடு ஒவ்வொன்றுக்கும் வேதியியல் பெயரும் உண்டு, அவற்றில் சிலவற்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. வைட்டமின் சி-யை முதலில் பிரித்தெடுத்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கு அது சர்க்கரை போன்ற ஏதோ ஒன்று என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது. சர்க்கரைகளின் பெயர் ஓஸ் என்று முடியும். ஆகவே "எனக்குத் தெரியாது" என்று பொருள் வரும் லத்தீன் சொல்லோடு அதைச் சேர்த்து இக்னோஸ் என்று எழுதி அனுப்பினார். ஆய்விதழ் ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, காட்நோஸ் என்று வைக்கலாமா என்று கேட்டார்; கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்று அர்த்தம். அதுவும் நிராகரிக்கப்பட்டது. பிற்பாடு ஸ்கர்விக்கு மாற்று என்பது நிரூபணமானதும் அஸ்கார்பிக் அமிலம் என்று பெயர் நிலைத்தது. ஸ்கார்புட்டஸ் என்பது ஸ்கர்வியின் லத்தீன் பெயர், முன்னால் நிற்கும் அ மறுப்பு. அநீதி, அசுத்தம் என்பவற்றில் வரும் அ-வுக்கும் இதற்கும் ஒரே பூர்வீகம்.

ஈ-க்கு டோக்கோஃபெரால்: பிள்ளைப்பேறு, தருவது என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களோடு ஆல்கஹாலின் ஆல். எவான்ஸுக்கு இந்தப் பெயரை எடுத்துக்கொடுத்தவர் ஒரு கிரேக்கப் பேராசிரியர். பி3 என்று எண் பெற்ற நயாசினின் கதை வேறு மாதிரி. நிகோட்டினை ஆக்சிஜனேற்றம் செய்து முதலில் தயாரித்ததால் அதற்கு நிகோட்டினிக் அமிலம் என்று பெயர். ரொட்டி மாவில் சேர்க்கப் போகிறோம் என்றபோது, மக்கள் புகையிலையோடு குழப்பிக்கொள்வார்கள் என்று பயந்து, நிகோட்டினிக் அமிலம், வைட்டமின் என்ற சொற்களின் துண்டுகளைச் சேர்த்து நயாசின் என்று புதிதாகக் கட்டினார்கள். பி12-இன் பெயர் கோபாலமின். நடுவில் கோபால்ட் அணு இருப்பதால். கோபால்ட் என்பதோ ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் பயந்த கோபோல்ட் என்ற குட்டிச்சாத்தானின் பெயர். வெள்ளி கிடைக்கும் என்று உருக்கினால் நச்சுப்புகை மட்டும் கிளம்பிய தாதுவை அந்தச் சாத்தானின் வேலை என்றார்கள்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வைட்டமின் என்றும் விட்டமின் என்றும் இரண்டு விதமாகத் தமிழில் எழுதுகிறோம், எது சரி என்று அடிக்கடி சண்டை வருகிறது. முன்னது அமெரிக்க உச்சரிப்பு, பின்னது பிரிட்டிஷ் உச்சரிப்பு, இரண்டும் சரி. பிரெஞ்சும் டச்சும் அந்தக் கடைசி ஈ-யை இன்றும் எழுதுகின்றன, ஆனால் அந்த மொழிகளில் யாரும் அதை அமைன் என்று எடுத்துக்கொள்வதில்லை. உயிர்ச்சத்து என்ற தமிழ்ச் சொல் வீட்டாவை மட்டும் மொழிபெயர்த்து, அமைன் இருந்த இடத்தில் சத்து என்று வைத்துக்கொண்டது. டிரம்மண்ட் செய்ததைத் தமிழ் தன் வழியில் செய்திருக்கிறது. பாடப்புத்தகத்தோடு நிற்காமல் இந்தச் சொல் பேச்சிலும் புழங்க வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக, ஃபங்க் தேடிய அந்தத் தவிட்டுப் பொருள் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். 1926-ல் அதே ஜாவாவில் யான்சனும் டோனத்தும் மூட்டை மூட்டையாகத் தவிட்டை வடித்து அதைச் சுத்தமான படிகமாகப் பிரித்தார்கள். 1936-ல் ராபர்ட் வில்லியம்ஸ் அதன் அமைப்பைக் கண்டுபிடித்துச் செயற்கையாகவும் தயாரித்தார். உள்ளே கந்தகம் இருந்ததால் கந்தகத்தின் கிரேக்கப் பெயரைச் சேர்த்து தயமின் என்றார்கள். இன்றைய பி1 அதுதான். அதன் மூலக்கூற்றில் நைட்ரஜன் இருக்கிறது, அமைன் தொகுதியும் இருக்கிறது. தயமினை ஆங்கிலத்தில் கடைசி ஈ-யோடு எழுதுகிறவர்களும் உண்டு, இல்லாமல் எழுதுகிறவர்களும் உண்டு. ஈ-யோடு எழுதினால் அங்கே பிழை எதுவும் இல்லை.